கோல்டன் இயரிங் கேட்கத் தொடங்குபவருக்கு: முதலில் எந்த ஆல்பம்?

நெதர்லாந்தின் கோல்டன் இயரிங் ராக் குழுவை நம்மில் பலர் 'ரேடார் லவ்' என்ற ஒரே பாட்டை வைத்துத்தான் அறிவோம். ஆனால் அந்தக் குழு 1961இல் தி ஹேக் நகரில் தொடங்கி 2021இல்தான் முடிவுக்கு வந்தது. 25 ஸ்டுடியோ ஆல்பங்கள், ஏராளமான சிங்கிள்கள் (தனிப் பாட்டாக வெளியிடுபவை), சொந்த நாட்டுத் தரவரிசையில் ஐந்து முறை முதலிடம். இத்தனை பெரிய குவியலில் முதலில் எதை எடுப்பது என்பது லேசான கேள்வி இல்லை. தவறான இடத்தில் தொடங்கியவர்கள் இரண்டு பாட்டோடு சலித்துப்போய், 'ஒற்றைப் பாட்டுக் குழு' என்று முத்திரை குத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அது இந்தக் குழுவுக்கு இழைக்கும் அநியாயம்.

தொடங்குபவர் முன்னால் ஐந்து வழிகள் உண்டு: வெற்றிப் பாடல்களின் தொகுப்பு, அறுபதுகளின் பதிவுகள், 1973இன் 'மூன்டேன்', 1982இன் 'கட்', 1992இன் 'தி நேக்கட் ட்ரூத்'. எங்கள் தேர்வு 'மூன்டேன்', அதிலும் நெதர்லாந்தில் வெளியான வடிவம். மற்ற நான்கும் மோசமில்லை. ஒவ்வொன்றும் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்று தெரிந்து எடுத்தால் போதும்.

முதலில் ஆட்கள். குழுவைத் தொடங்கியவர்கள் அக்கம்பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர்: கிட்டார் வாசித்த ஜார்ஜ் கூய்மன்ஸ், பேஸ் கிட்டார் வாசித்த ரீனஸ் கெரிட்சன். பாடகர் பேரி ஹே 1967இல் சேர்ந்தார். இவர் பிறந்தது நம் உத்தரப் பிரதேசத்து ஃபைசாபாத்தில், 1948இல். சிறுவயதிலேயே நெதர்லாந்துக்குப் போய்விட்டார். பாட்டோடு புல்லாங்குழலும் வாசிப்பார். டிரம்ஸ் வாசித்த சீசர் ஸௌடர்வைக் 1970இல் வந்தார். அதற்குப் பிறகு குழு கலையும் வரை இந்த நால்வரும் மாறவே இல்லை. ஐந்தாவதாகச் சிலர் சில ஆண்டுகள் வந்து போனார்கள். கீபோர்டு வாசித்த ராபர்ட் யான் ஸ்டிப்ஸ் அவர்களில் ஒருவர். ஐம்பது ஆண்டுகள் ஒரே நால்வர் என்பது ராக் உலகில் மிக அரிது. இந்தக் குழுவின் ஒலியைப் புரிந்துகொள்ள அதைவிட முக்கியமான தகவல் இல்லை. ஒருவர் கையை எப்போது உயர்த்துவார், எப்போது நிறுத்துவார் என்பது மற்ற மூவருக்கும் தெரியும். அதனால்தான் இவர்களுடைய நீளமான பாட்டுகள் குறும்பாட்டுகளைவிட நன்றாக இருக்கின்றன.

தொகுப்பு ஆல்பத்தில் தொடங்கினால் என்ன குறை என்பதும் இதிலேயே இருக்கிறது. வெற்றித் தொகுப்புகளில் பெரும்பாலும் சிங்கிளுக்காக வெட்டிய வடிவங்களே இடம்பெறும். ஆல்பத்தில் 6 நிமிடம் 26 நொடி ஓடும் 'ரேடார் லவ்', ஏறக்குறைய 8 நிமிடம் ஓடும் 'ட்வைலைட் ஜோன்' இரண்டும் வானொலிக்காகச் சுருக்கப்பட்டவை. வெட்டுப்படுவது பெரும்பாலும் நடுவில் வரும் வாத்தியப் பகுதி. குழு தன் முழு பலத்தைக் காட்டும் இடமே அதுதான். இன்னொரு குறை, 1965இன் 'ப்ளீஸ் கோ' முடிந்து சில நிமிடங்களில் எண்பதுகளின் சிந்தசைசர் ஒலி வந்துவிடும். மூன்று வேறு குழுக்களைக் கேட்பது போல இருக்கும், எதிலும் மனம் தங்காது. குழுவை ஏற்கனவே தெரிந்தவருக்குக் காரில் போட்டுக்கொள்ளத் தொகுப்பு நல்லது. புதியவருக்கு வேண்டாம்.

அறுபதுகளின் வழி காலவரிசைப்படி கேட்க விரும்புபவர்களை இழுக்கும். முதல் ஆல்பம் 'ஜஸ்ட் இயர்ரிங்ஸ்' 1965இல் வந்தது. அப்போது குழுவின் பெயரே பன்மையில், 'கோல்டன் இயரிங்ஸ்'. பிரிட்டிஷ் பீட் குழுக்களின் வழியில் இரண்டு, மூன்று நிமிட மெல்லிசைப் பாட்டுகள். 1968இல் 'டாங் டாங் டி கி டி கி டாங்' முதன்முறை முதலிடம் பிடித்தது. கேட்க இனிமையான பாட்டு, ஆனால் பிற்காலக் குழுவின் சாயல் அதில் மிகக் குறைவு. இந்தக் காலத்தில் உண்மையான திருப்பம் 1969இன் 'எய்ட் மைல்ஸ் ஹை' ஆல்பம். தி பேர்ட்ஸ் குழுவின் பாட்டை எடுத்து இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க, 19 நிமிடம், நீட்டி வாசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கச்சேரி செய்யத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். குழு எதில் தேறப்போகிறது என்பதை அறிய இந்தப் பதிவு உதவும். ஆனால் அந்த 19 நிமிடத்தில் சில இடங்களில் தொய்வு இருக்கிறது. ஸௌடர்வைக் இன்னும் வந்து சேரவில்லை. நீளமான ராக் பாட்டுக்குப் பழகாத காதுக்கு முதல் நாளே இதைக் கொடுக்கக் கூடாது.

ஸௌடர்வைக் வருவதற்கு முன் அறுபதுகளில் டிரம்ஸ் வாசித்தவர் யாப் எகர்மாண்ட். 1969இல் குழுவை விட்டு விலகித் தயாரிப்பாளரானார். 1981இல் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த 'ஸ்டார்ஸ் ஆன் 45' பாட்டுக் கோவையைத் தயாரித்தவர் இவரே. கோல்டன் இயரிங் ஒருபோதும் எட்டாத இடத்தைக் குழுவிலிருந்து விலகியவர் எட்டினார்.

இனி 'மூன்டேன்'. 1973இல் வந்தது. 'ரேடார் லவ்' இதில்தான் இருக்கிறது. அந்தப் பாட்டு நெதர்லாந்தில் முதலிடம், பிரிட்டனில் 7ஆம் இடம், 1974இல் அமெரிக்கத் தரவரிசையில் 13ஆம் இடம் வரை போனது. ஆல்பம் அமெரிக்காவில் 12ஆம் இடத்தைத் தொட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத ஒரு சிறு நாட்டுக் குழுவுக்கு அது பெரிய உயரம்.

வாங்கும்போதும் கேட்கும்போதும் பலர் குழம்புவது இந்த ஆல்பத்தில்தான், ஏனென்றால் 'மூன்டேன்' இரண்டு வடிவங்களில் வெளியானது. நெதர்லாந்து வடிவத்தில் ஆறு பாட்டுகள். முதல் பக்கத்தில் 'கேண்டிஸ் கோயிங் பேட்', 'ஆர் யூ ரிசீவிங் மீ', 'சூஸி லூனஸி'. இரண்டாம் பக்கத்தில் 'ரேடார் லவ்', 'ஜஸ்ட் லைக் வின்ஸ் டெய்லர்', 'தி வனிலா குயீன்'. அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வந்த வடிவத்தில் ஐந்தே பாட்டுகள்: 'ரேடார் லவ்' முதலில், பிறகு 'கேண்டிஸ்', 'வனிலா குயீன்', மறுபக்கம் 'பிக் ட்ரீ ப்ளூ ஸீ', 'ஆர் யூ ரிசீவிங் மீ'. 'சூஸி லூனஸி'யும் 'வின்ஸ் டெய்லர்' பாட்டும் எடுக்கப்பட்டு, 1970 ஆல்பத்தில் இருந்த 'பிக் ட்ரீ' புதிதாகப் பதிவுசெய்து சேர்க்கப்பட்டது.

வெளிநாட்டு வடிவத்தின் நோக்கம் தெளிவு: கடையில் வாங்கியவர் முள்ளை வைத்தவுடன் தெரிந்த பாட்டு ஒலிக்க வேண்டும். விற்பனைக்கு அது சரியான கணக்கு. கேட்பவருக்கு நஷ்டம். மிக வேகமான, மிக இறுக்கமான பாட்டு முதல் ஆறரை நிமிடத்திலேயே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வருவது எல்லாம் நீளமான, மெதுவாக விரியும் பாட்டுகள். வேகத்துக்குப் பழகிய காது அவற்றைச் சுமையாக உணரும். 'ஒரு பாட்டைத் தவிர ஆல்பத்தில் ஒன்றுமில்லை' என்ற பேச்சு இப்படித்தான் பிறக்கிறது.

நெதர்லாந்து வரிசையில் கதையே வேறு. 'கேண்டிஸ்' கனமான கிட்டார் ரிஃபோடு (திரும்பத் திரும்ப வரும் சிறு இசைத் துண்டு) தொடங்கி, பாதியில் பாட்டை விட்டுவிட்டு பேஸின் பிடியில் இருண்ட வாத்தியப் பகுதிக்குள் இறங்குகிறது. 'ஆர் யூ ரிசீவிங் மீ' 9 நிமிடத்துக்கு மேல், சாக்ஸஃபோனோடு. அதன் பின் 'சூஸி லூனஸி' என்ற இலகுவான சிறு பாட்டு மூச்சுவிட இடம் தருகிறது. தட்டைத் திருப்பினால் 'ரேடார் லவ்'. இருபது நிமிடம் இந்த நால்வரோடு இருந்துவிட்டு அதைக் கேட்கும்போது, பல முறை கேட்ட பாட்டே புதிதாக ஒலிக்கும். அடுத்து 'வின்ஸ் டெய்லர்' நேரடியான ராக் அண்ட் ரோல். முடிவில் 'வனிலா குயீன்': சிந்தசைசரின் துடிப்போடு தொடங்கி, நடுவில் அடங்கி, கடைசியில் தந்தி வாத்தியங்களோடு மேலெழும் 9 நிமிடப் பாட்டு. ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 20 நிமிடம். எல்பி தட்டுக்கு அது வசதியான அளவு. ஒரு பக்கத்தில் 25 நிமிடத்தைத் தாண்டினால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டியிருக்கும், ஒலி அளவும் பேஸும் குறையும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

'ரேடார் லவ்' பாட்டை ஒருமுறை பிரித்துக் கேட்பது நல்லது. முன்னிசை முடிந்ததும் கிட்டார் விலகிக்கொள்கிறது. கெரிட்சனின் பேஸும் ஸௌடர்வைக்கின் டிரம்ஸும் மட்டும் ஓட, அதன் மேல் ஹே முதல் சரணத்தைக் குரல் உயர்த்தாமல் சொல்கிறார். இரவு முழுக்க வண்டி ஓட்டுபவன், தூரத்தில் இருக்கும் காதலி மனத்தால் கூப்பிடுவதை உணர்கிறான், அதுதான் கதை. வண்டியின் வானொலியில் அமெரிக்கப் பாடகி பிரெண்டா லீயின் பழைய பாட்டு ஒன்று வந்து போகிறது. பல்லவியில்தான் கூய்மன்ஸின் கிட்டார் முழுதாக இறங்கும். நடுப்பகுதியில் பித்தளைக் குழல்கள் டிரம்ஸோடு மாறி மாறி வெட்டுகின்றன. சிங்கிள் வடிவத்தில் அடிபடுவது இந்தப் பகுதியே. அது இல்லாமல் கேட்டால், கடைசிச் சரணத்தின் வேகத்துக்குக் காரணமே புரியாது.

இதில் செய்முறை சார்ந்த ஒரு விஷயம். பாட்டைத் தாங்குவது பேஸ். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியின் அடிப்படை ஒலி சுமார் 41 ஹெர்ட்ஸ். செல்போன் ஸ்பீக்கரால் அந்த அளவு தாழ்ந்த ஒலியைத் தர முடியாது, மேலே வரும் சாயலைத்தான் தரும். போனை மேசையில் வைத்து இந்த ஆல்பத்தைக் கேட்டால் பாதிக் குழுவைத்தான் கேட்கிறீர்கள். சுமாரான ஹெட்ஃபோன் இருந்தால்கூடப் போதும், வித்தியாசம் உடனே தெரியும்.

ஸ்ட்ரீமிங்கில் கேட்பவர்கள் முதலில் பாட்டுகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். 'கேண்டிஸ்' முதலில் நின்றால் நெதர்லாந்து வடிவம், 'ரேடார் லவ்' முதலில் நின்றால் வெளிநாட்டு வடிவம். கிடைப்பது எதுவானாலும் மேலே சொன்ன ஆறையும் அதே வரிசையில் ஒரு பிளேலிஸ்டாகப் போட்டுக்கொள்ளலாம். விடுபட்டவை வேறு பதிப்புகளில் தேடினால் கிடைக்கும். 'பிக் ட்ரீ ப்ளூ ஸீ'யை ஏழாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஹேயின் புல்லாங்குழலுக்காக அது கேட்க வேண்டிய பாட்டு. ஷஃபிளை அணைத்துவிடுங்கள். 'ரேடார் லவ்' என்று தேடும்போது நேரத்தையும் பாருங்கள்: 6:26க்கு அருகில் இருந்தால் ஆல்பம் வடிவம், நான்கு நிமிடத்துக்குக் கீழே என்றால் வெட்டியது, பத்து நிமிடத்தைத் தாண்டினால் 1977 நேரடிப் பதிவு. 1989இல் ஒயிட் லயன் குழு பாடிய வடிவமும் தேடலில் வந்து நிற்கும், அது வேறு.

பழைய எல்பி வாங்குபவர்கள் முன்னட்டையை நம்ப வேண்டாம். இறகு அணிந்த நடனக்காரியின் படம் நெதர்லாந்து அச்சில் மட்டும் வந்ததல்ல. அமெரிக்காவில் ஆடை குறைவு என்று அந்தப் படத்தை எடுத்துவிட்டுக் காதணிப் படத்தைப் போட்டார்கள். எனவே காதணி அட்டை என்றால் வெளிநாட்டு வரிசை என்று சொல்லலாம்; நடனக்காரி அட்டை என்றால் நெதர்லாந்து வரிசை என்று சொல்ல முடியாது. விற்பவரிடம் தட்டின் நடு லேபிள் இரண்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். லேபிளில் 'சூஸி லூனஸி' இருக்கிறதா என்று பார்த்தால் போதும். கடைசிப் பாட்டு 'வனிலா குயீன்' உள்வட்டத்தில் வருகிறது. முள் தேய்ந்த கருவியில் பலமுறை ஓடிய தட்டில் முதலில் சிதையும் இடம் உள்வட்டம்தான், முடிவில் வரும் உரத்த பகுதி கரகரக்கும். நேரில் வாங்குவதாக இருந்தால் இரண்டாம் பக்கத்தின் கடைசி இரண்டு நிமிடத்தைப் போட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

'மூன்டேன்' வெற்றிக்குப் பிறகு குழு செய்தது வணிகக் கணக்குக்கு நேர் எதிரானது. இன்னொரு 'ரேடார் லவ்' எழுதுவதற்குப் பதிலாக ஸ்டிப்ஸைச் சேர்த்துக்கொண்டு 1975இல் 'ஸ்விட்ச்' என்ற ஆல்பத்தை, கீபோர்டு மிகுந்த கலை ராக் பாணியில் செய்தார்கள். அமெரிக்க வானொலி கைவிட்டது. நல்ல ஆல்பம்தான், அதில் உள்ள 'கில் மீ' பாட்டைப் பின்னாளில் பிரிட்டனின் பெயர்பெற்ற ஹெவி மெட்டல் குழுவான அயர்ன் மெய்டனே எடுத்துப் பாடியது. ஆனால் தொடங்குவதற்கான இடமல்ல, மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரட்டும்.

அமெரிக்காவில் அடுத்த வெற்றிக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. 1982இன் 'கட்' ஆல்பத்தில் உள்ள 'ட்வைலைட் ஜோன்' 1983இல் அமெரிக்காவில் 10ஆம் இடம் பிடித்தது. 'ரேடார் லவ்' போனதைவிட மேலே. இயக்குநர் டிக் மாஸ் எடுத்த ஒற்றர் கதை வீடியோ அதற்குப் பெரிய காரணம். இசை வீடியோக்களுக்கான தொலைக்காட்சி எம்டிவி தொடங்கிய புதிதில் ஒளிபரப்ப வீடியோக்களே குறைவு; ஒழுங்கான கதையோடு வந்த ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். ஆனால் அதே கூட்டணியின் 1984 வீடியோ 'வென் தி லேடி ஸ்மைல்ஸ்' கன்னியாஸ்திரீ வரும் ஒரு காட்சியால் அமெரிக்காவில் சிக்கலில் மாட்டியது. நெதர்லாந்தில் முதலிடம் பிடித்த பாட்டு அங்கே எடுபடவில்லை. வீடியோவால் திறந்த கதவு வீடியோவாலேயே மூடியது.

எண்பதுகளின் இறுக்கமான, பளபளப்பான ஒலி பிடித்தவர்கள் 'கட்' ஆல்பத்தில் தாராளமாகத் தொடங்கலாம். பாட்டுகள் 'மூன்டேன்' அளவுக்கு நீளமில்லை, குழு குறுக்கி வாசிக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது. துப்பாக்கிக் குண்டு ஒரு விளையாட்டுச் சீட்டைக் கிழிக்கும் அட்டைப்படம் அதிவேகப் புகைப்படத்துக்குப் பெயர்பெற்ற ஹெரால்ட் எட்ஜர்டன் எடுத்தது. 'ட்வைலைட் ஜோன்' முழு வடிவத்தை மட்டும் கேளுங்கள். நடுவில் பேஸும் டிரம்ஸும் தனித்து நின்று மெல்லச் சூடேறும் இடம் 'ரேடார் லவ்' கற்றுத்தந்த அதே பாடம். குறை என்னவென்றால், அந்தப் பாட்டுக்கும் மற்றவற்றுக்கும் இடையே தர வித்தியாசம் 'மூன்டேன்' ஆல்பத்தைவிட அதிகம். அதனால்தான் இரண்டாம் இடம்.

ராக் என்றாலே சத்தம் என்று ஒதுங்குபவருக்கு, அல்லது வீட்டில் மற்றவர்களோடு சேர்ந்து கேட்க விரும்புபவருக்கு, 1992இன் 'தி நேக்கட் ட்ரூத்' சரியான வாசல். பழைய பாட்டுகளை மின்சாரக் கிட்டாரை ஓரம் வைத்துவிட்டு, ரசிகர்கள் முன்னால் அகௌஸ்டிக்காக வாசித்த பதிவு. நெதர்லாந்தில் புதிய தலைமுறையைக் குழுவிடம் கொண்டுவந்தது இந்த ஆல்பமே. 'அனதர் 45 மைல்ஸ்' போன்ற அறுபதுகளின் பாட்டும் 'ட்வைலைட் ஜோன்' பாட்டும் இங்கே ஒரே குரலில், ஒரே வாத்தியங்களில் வருவதால், தொகுப்பு ஆல்பத்தில் சொன்ன காலத் தாவல் இங்கே இல்லை. இதே பெயர் வரிசையில் 1997இலும் 2005இலும் வேறு இரண்டு வந்தன. கடையில் மாறி எடுத்துவிடக் கூடாது, முதலாவதைத்தான் எடுக்க வேண்டும். மூலப் பாட்டைத் தெரியாதவருக்கு அதன் அகௌஸ்டிக் வடிவத்தில் இருக்கும் துணிச்சல் புரியாது என்பது மட்டுமே இதன் குறை.

இன்னொரு நியாயமான கேள்வி: நெதர்லாந்து பாப் கேட்கத்தான் ஆசை என்றால் ஷாக்கிங் ப்ளூ குழுவோடு ஏன் தொடங்கக் கூடாது? அதுவும் தி ஹேக் குழு. 1970 பிப்ரவரியில் 'வீனஸ்' பாட்டால் அமெரிக்காவில் முதலிடம் பிடித்த முதல் நெதர்லாந்துக் குழு. குறும்பாட்டு, உடனே பற்றும் மெட்டு, மரிஸ்கா வெரெஸின் கணீரென்ற குரல் இவைதான் வேண்டும் என்றால் அவர்களின் 1969 ஆல்பம் 'அட் ஹோம்' இங்கே சொன்ன எல்லாவற்றையும்விட எளிதான வாசல். குழுவின் கிட்டார் கலைஞர் ராபி வான் லீயூவன் அதில் சித்தார் வாசித்திருக்கிறார். கல்கத்தாவில் பிறந்த ஜான் மேயர் எழுதிய 'அக்கா ராகா'வும் இருக்கிறது. அமெரிக்க ராக் குழு நிர்வானா தன் முதல் சிங்கிளாக 1988இல் எடுத்துப் பாடிய 'லவ் பஸ்' பாட்டின் மூலமும் அதே ஆல்பம்தான். ஆனால் எழுதுவது கிட்டத்தட்ட முழுக்க வான் லீயூவன் ஒருவர் தலையில் இருந்தது. அவர் விலகியதும் குழுவால் நீடிக்க முடியவில்லை, 1974இல் கலைந்தது. கோல்டன் இயரிங்கில் கூய்மன்ஸும் ஹேயும் சேர்ந்தும் தனித்தும் எழுதினார்கள். ஒருவர் வற்றிய ஆண்டில் மற்றவர் தாங்கினார். ஒரு மாலைப் பொழுதுக்கு ஷாக்கிங் ப்ளூ, ஓர் ஆண்டு முழுக்கக் கேட்க கோல்டன் இயரிங் என்று பிரித்துக்கொள்ளலாம்.

'மூன்டேன்' பிடித்துவிட்டால் அடுத்தது 1977இன் இரட்டைத் தட்டு 'லைவ்'. அதே பாட்டுகள் மேடையில் எப்படி நீள்கின்றன என்பது அங்கே தெரியும். பிறகு 'கட்', அதன் பின் 1971இன் 'செவன் டியர்ஸ்', பிறகு 'ஸ்விட்ச்'. மெல்லிய பாட்டுகளில் மனம் போனால் 1991இன் 'கோயிங் டு தி ரன்' கேளுங்கள். ரஷ்யாவில் ஆரியா என்ற குழு அதைத் தங்கள் மொழியில் பாடி, அங்கே அது அவர்கள் பாட்டாகவே ஆகிவிட்டது. எழுபதுகளின் கடைசியில் வந்த 'கிராப் இட் ஃபார் எ செகண்ட்', 'நோ ப்ராமிசஸ், நோ டெட்ஸ்' இரண்டும் திசை தேடிய காலத்தின் ஆல்பங்கள். 'வீக்எண்ட் லவ்' பாட்டைத் தனியாக எடுத்துக்கொண்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம். அறுபதுகளின் பதிவுகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என்ன வந்தது என்று தெரிந்த காதுக்குத்தான் 'ப்ளீஸ் கோ' பாட்டில் இரண்டு பையன்கள் என்ன முயன்றார்கள் என்பது கேட்கும்.

இனி இவர்களை மேடையில் நால்வராகப் பார்க்க வழியில்லை. கடைசிக் கச்சேரி 2019 நவம்பரில் ராட்டர்டாமின் அஹோய் அரங்கில் நடந்தது. கூய்மன்ஸுக்குத் தசைகளை இயக்கும் நரம்புகளைச் சிதைக்கும் ஏ.எல்.எஸ். நோய் இருப்பது தெரிந்ததும் 2021 பிப்ரவரியில் குழு நிறுத்தப்பட்டது. அவர் 2025 ஜூலையில் காலமானார். அவர் இடத்தில் வேறொருவரைச் சேர்த்துக்கொண்டு குழுவைத் தொடர மற்ற மூவரும் முன்வரவில்லை.